புருவம் டீச்சர்

டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த மொழிப் பயிற்சி மையத்தில் டீச்சருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. புருவம். மாணவர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். அது டீச்சருக்கும் தெரியும். தெரிந்தும் அவள் கோபப்படவில்லை. அவள் புருவம் நிஜமாகவே எடுப்பானது. அடர்த்தியாக, திருத்தமாக, யாரோ பொறுமையாக உட்கார்ந்து வரைந்தது போல இருக்கும். "அழகைத்தானே சொல்றாங்க, சொல்லிட்டுப் போகட்டும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டாள். காலையில் தலை வாரும்போது அந்த நினைப்பில் கண்ணாடி முன்னால் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பாள். பாவம், விஷயம் அது இல்லை என்று அவளுக்குத் தெரியாது.

அவள் சொல்லிக்கொடுத்தது வெளிநாட்டு மொழி ஒன்று. அந்த நாட்டுக்கு வேலைக்குப் போக நினைக்கும் நர்சுகளும் வெல்டர்களும் சமையல்காரர்களும் அவளிடம் படித்தார்கள். பிறவியிலேயே வேறு அச்சில் வாய் வார்க்கப்பட்டவர்களுக்கென்று உண்டான மொழி அது. அதில் பேசிக் காட்டித் தேறினால்தான் விசா, வேலை எல்லாம். எழுத்துத் தேர்வை எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிடுவார்கள். பேச்சுத் தேர்வில்தான் ஆளுக்கு ஆள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மற்ற மையங்களில்தான் அப்படி. டீச்சரின் மாணவர்கள் பேச்சில் வெளுத்து வாங்கினார்கள். வருஷா வருஷம் அதே கதை. மையத்தின் முதலாளி படிக்கட்டுச் சுவர் முழுக்கத் தேறியவர்களின் புகைப்படங்களை ஒட்டி, இடம் போதாமல் கழிவறைக் கதவு வரைக்கும் வந்துவிட்டார்.

"எங்கிட்ட படிச்சவங்க வாய் திறந்தா மூடமாட்டாங்க" என்பாள் டீச்சர். தற்பெருமைதான். அவள் அதை மறைத்ததும் இல்லை.

அந்தத் தேர்வு பல காலமாக ஒரே மாதிரி நடந்து வந்தது. வகுப்பு எடுக்கும் ஆசிரியரே மாணவருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போடுவார். திடீரென்று ஒரு வருஷம் விதியை மாற்றினார்கள். இனிமேல் தேர்வாளரே எதிரில் உட்கார்ந்து கேட்பார், ஆசிரியர் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள். டீச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. "யார் கேட்டா என்ன? பதில் சொல்றது என் பசங்கதானே" என்றாள்.

புதிய முறையில் முதல் தேர்வு நடந்தது. முடிவும் வந்தது. பேச்சில் ஒருவர்கூடத் தேறவில்லை.

தேறாதவர்களில் டீச்சரின் நாத்தனாரும் ஒருத்தி. வீட்டில் கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். நல்ல நர்ஸ். ஊசி போட்டால் குழந்தைகூட அழ மறந்துவிடும். அந்த நாட்டு மருத்துவமனை ஒன்று அவளுடைய வேலைத் திறமையைப் பார்த்து இடத்தை உறுதி செய்து வைத்திருந்தது. மொழித் தேர்வுச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அடுத்த தேர்வு வரைக்கும் காத்திருப்போம், அதிலும் தேறவில்லையென்றால் இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று அவர்கள் நேரடியாகவே சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மாமியார் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்டி, உள்ள என்னதான் ஆச்சு? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

சின்னவள் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"அவளைச் சொல்லாதீங்க அத்தை" என்று டீச்சர் முந்திக்கொண்டாள். "வந்த தேர்வாளர் சரியில்லை. ஜடம் மாதிரி உக்காந்திருந்தாங்களாம். ஒரு சிரிப்பு கிடையாது, ஒரு தலையாட்டல் கிடையாது. அவ பயந்துட்டா. அடுத்த தடவை பாருங்க, நான் இருக்கேன்ல."

"நீ சொன்னா சரிதாம்மா" என்றார் மாமியார். மருமகள் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சின்னவள் திறந்த வாயை மூடிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

"டீச்சர், எதிர்த் தெருவுல இருக்கிற மையத்துல பாதிப் பேர் தேறியிருக்காங்க. அவங்க என்ன பண்றாங்க தெரியுமா? வரக்கூடிய கேள்விக்கெல்லாம் பதிலை அச்சடிச்சுக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சிடறாங்க. தேர்வுல என்ன வருதோ அதை மட்டும் நடத்தினா போதும். நாமளும் அதையே பண்ணுவோம்."

"கிளிக்குக்கூட அப்படிச் சொல்லிக்குடுக்கலாம் சார். ஆனா கிளியை நர்ஸ் வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

"கிண்டல் வேணாம் டீச்சர். சுவத்துல ஒட்ட படம் இல்லை."

"அடுத்த தேர்வு வரைக்கும் என்னை என் போக்குல விடுங்க. அதுக்கப்புறமும் தேறலைன்னா உங்க அச்சு இயந்திரத்தை நானே தூக்கிட்டு வர்றேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாளே தவிர, தன் போக்கு என்ன என்பது அவளுக்கே அப்போது தெரியாது. தேர்வாளர்தான் தப்பு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நல்லவேளையாக அந்த வாரம் அவளுக்குக் கண்கட்டி வந்தது.

நல்லவேளை என்று நாம் இப்போது சொல்கிறோம். அன்றைக்கு அவள் அதைச் சபித்தாள். இமை வீங்கி, ஒரு கண் பாதி மூடி, பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அழகில் அக்கறையுள்ளவள் அந்த முகத்தோடு வகுப்புக்குப் போவாளா? வீட்டை அலசியதில் மாமியாரின் கறுப்புக் கண்ணாடி அகப்பட்டது. கண்புரை ஆபரேஷன் முடிந்ததும் கொடுப்பார்களே, நெற்றியில் பாதியையும் கன்னத்தில் பாதியையும் விழுங்குகிற அந்தக் கண்ணாடி. மாட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு வகுப்பில் வழக்கமான ஒத்திகை. டீச்சர் தேர்வாளர் மாதிரி எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பாள், ஒவ்வொருவராக வந்து பதில் சொல்ல வேண்டும். முதலில் வந்தது வெல்டர். வகுப்பிலேயே வாயாடி. பேச்சை நிறுத்தத்தான் அவனிடம் கெஞ்ச வேண்டியிருக்கும்.

"உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அந்த மொழியில் கேட்டாள் டீச்சர். நூறு தடவை கேட்ட கேள்வி.

வெல்டர் ஆரம்பித்தான். "நான்..." என்றான். டீச்சரின் முகத்தைப் பார்த்தான். "நான் இரும்பு..." என்றான். மறுபடி பார்த்தான். கழுத்தைச் சாய்த்துக் கண்ணாடியின் ஓரத்து வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். அப்புறம் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து வந்த சமையல்காரர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதைப் பாதியில் விட்டு இன்னொன்றைத் தொடங்கி, அதையும் விட்டார். மூன்றாவதாகச் சின்னவள். தன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். சொந்தப் பெயரே சரிதானா என்று சந்தேகம் வந்தவள் போல அண்ணியைப் பார்த்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் மட்டும் கடகடவென்று பேசிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு உங்களுக்கெல்லாம்?" டீச்சர் மேசையைத் தட்டினாள். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே பேசினீங்க?"

 கடைசியில் வெல்டர்தான் எழுந்தான்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுறீங்களா?"

"எதுக்கு?"

"புருவம் தெரியலை."

வகுப்பு முழுக்கத் தரையைப் பார்த்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "விவரமாச் சொல்லு" என்றாள். குரல் வந்த விதத்தில் வெல்டருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது.

"நாங்க பேசும்போது உங்க புருவம் சொல்லிரும் டீச்சர். ரெண்டும் மேலே போனா சரி, அப்படியே போய்க்கிட்டே இருக்கலாம். இடது மட்டும் ஏறுனா வார்த்தை தப்பு, வேற போடணும். ரெண்டும் கிட்ட வந்துட்டா நிறுத்திட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். வலது லேசா துடிச்சா..."

"துடிச்சா?"

"முடிச்சிரலாம். உங்களுக்கு டீ குடிக்கிற நேரம் வந்திருச்சுன்னு அர்த்தம்."

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"இதை யார் கண்டுபிடிச்சது?"

"தெரியாது டீச்சர். நாங்க சேரும்போதே சீனியருங்க சொல்லிக்குடுத்தாங்க. அவங்களுக்கு அவங்க சீனியருங்க. புருவத்தைப் பாத்துக்கோ, பொழைச்சுக்குவன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க."

டீச்சர் மெதுவாகச் சின்னவள் பக்கம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்." வகுப்பில் அண்ணி என்று கூப்பிடக் கூடாது என்பது டீச்சர் போட்ட சட்டம். "அன்னைக்கு வீட்டுல அம்மாகிட்ட அதைத்தான் சொல்ல வந்தேன்."

டீச்சர் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். சுவர் முழுக்க அவள் தேற்றிய முகங்கள். எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. அவளுக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம். இத்தனை காலமும் தேர்வு எழுதித் தேறியது இவர்கள் அல்ல, தன் புருவம்தான். தான் எதிரே உட்கார்ந்திருந்த வரைக்கும் அது எல்லோருக்கும் துண்டுச்சீட்டு நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. தன்னை வெளியே அனுப்பிய அன்றே குட்டு உடைந்துவிட்டது. அந்த ஜடத் தேர்வாளரை எத்தனை பேரிடம் ஏசியிருப்பாள்! அந்த அம்மாள் செய்ததெல்லாம் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தது ஒன்றுதான்.

ஆனால் டீச்சரின் வெட்கத்துக்கு ஆயுள் குறைவு. இரண்டு படி இறங்கி, இரண்டு படி ஏறுவதற்குள் முதுகு நிமிர்ந்துவிட்டது. மயிரடர்ந்த இரண்டு கீற்றுக்கே இத்தனை பேரைத் தேற்றிவிடத் தெரியுமென்றால், அவற்றுக்குச் சொந்தக்காரிக்கு எவ்வளவு தெரியும்? உள்ளே போனாள்.

"இனிமே இந்தக் கண்ணாடி கழறாது" என்றாள். "கண்கட்டி போனாலும் கழறாது. எடுங்க, முதல்லேர்ந்து பேசுங்க."

முதலாளியிடமும் மறைக்கவில்லை.  அவர் கேட்டுவிட்டுச் சுவர்ப் படங்களைக் கவலையோடு பார்த்தார்.

"தேர்வுமேல எனக்கு இப்ப கோபமே இல்லை சார்" என்றாள் டீச்சர். "ரொம்ப நல்ல தேர்வு. நாம வகுப்புல நடத்தினது எதுன்னு பிட்டுப் பிட்டு வெச்சிருச்சு. நாம மொழி நடத்தலை. என் மூஞ்சியை நடத்தியிருக்கோம்."

"அப்ப அச்சடிச்ச பதில்..."

"அது இன்னொரு மூஞ்சி சார். காகிதத்துல."

வீட்டில் மாமியார் கண்ணாடியைத் தேடினார். "ஏம்மா, என் கறுப்புக் கண்ணாடி எங்க போச்சு?"

"உங்களுக்குத்தான் கண் பளிச்சுன்னு தெரியுதே அத்தை. எனக்கு வேணும்."

"உனக்கு என்ன கண்ணுல?"

"கண்ணுல ஒண்ணுமில்லை. அதுக்கு மேலதான்" என்றாள் மருமகள். மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மருமகள் சொன்னால் சரிதான் என்று விட்டுவிட்டார்.

கண்ணாடி போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று டீச்சர் நினைத்தாள். அவள் மாணவர்கள் லேசுப்பட்டவர்களா? சில நாள் திண்டாடினார்கள், அப்புறம் மறுபடி சரளமாகப் பேச ஆரம்பித்தார்கள். டீச்சருக்கு வாயெல்லாம் பல். ஒருநாள் தற்செயலாகக் கையிலிருந்த மார்க்கர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்த சமையல்காரர் சட்டென்று நின்றுவிட்டார். இப்போது அவர்கள் பேனாவைப் படித்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் டீச்சர் பேனாவை விரலிடுக்கில் உருட்டுவாளாம், தப்பென்றால் மூடியைத் திறந்து மூடுவாளாம். பேனாவைப் பிடுங்கிக்கொண்டால் அவள் "ம்" கொட்டும் சுருதியைப் படித்தார்கள். "ம்"மை நிறுத்தினால் நாற்காலி கிரீச்சிடுவதைப் படித்தார்கள். ஒரு மொழியைப் படிக்கச் சொன்னால் ஒரு மனுஷியை உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை படித்து வைத்திருந்தார்கள்.

டீச்சர் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பேருந்தில் யோசித்தாள். முகத்தை மறைப்பதில் பிரயோஜனமில்லை. பதில் தன்னிடம் இருக்கிற வரைக்கும் அது எந்த ஓட்டை வழியாகவாவது கசிந்துகொண்டுதான் இருக்கும். அவர்கள் அதைத் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். அப்படியென்றால் பதில் தன்னிடம் இருக்கக் கூடாது. பக்கத்து இருக்கையில் இருந்த சின்னவள், திடீரென்று தொடையைத் தட்டிக்கொண்ட அண்ணியை விநோதமாகப் பார்த்தாள்.

மறுநாள் டீச்சர் புதுச் சட்டம் போட்டாள். பதில் தனக்கு முன்கூட்டியே தெரிந்த எந்தக் கேள்வியையும் இனி வகுப்பில் கேட்க மாட்டாள்.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. கேட்க ஆரம்பித்தபோதுதான், இத்தனை காலமும் தான் ஒரே ஒரு உண்மையான கேள்வியைக்கூட யாரிடமும் கேட்டதில்லை என்று தெரிந்தது. உங்கள் பெயர் என்ன, என்ன வேலை, சுவரில் இருப்பது என்ன படம்? எல்லாம் தெரிந்ததையே கேட்ட கேள்விகள். வெல்டரைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பு இருந்தது. பல மாதமாகப் பார்த்த தழும்பு.

"இது எப்படி வந்தது?" என்று அந்த மொழியில் கேட்டாள்.

வெல்டர் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இருக்க முடியாது, ஏனென்றால் டீச்சருக்கு நிஜமாகவே தெரியாது. அவன் மென்று விழுங்கினான். பிறகு, வெல்டிங் வேலையில் வந்தது இல்லை, பூனை பிறாண்டியது என்று சொன்னான். பூனைக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று மறந்துவிட்டதால் "மியாவ் சொல்லும் மிருகம்" என்றான். யாருடைய பூனை என்று டீச்சர் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல முகம் சிவந்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பூனை. வகுப்பு ஓவென்று கத்தியது. பெண்ணைப் பற்றிச் சமையல்காரர் ஒரு கேள்வி கேட்டார், அந்த மொழியிலேயே, யாரும் சொல்லாமலே. வெல்டர் தப்பும் தவறுமாக, மூச்சு விடாமல், மணியடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தான். ஒருவரும் டீச்சரைப் பார்க்கவில்லை. அந்த வகுப்பில் தன்னை யாரும் பார்க்காதது டீச்சருக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் உறுத்தலாகவும் ரொம்பச் சந்தோஷமாகவும் இருந்தது.

நாளுக்கு நாள் வகுப்பு சூடு பிடித்தது. சின்னவள் ஒருத்திதான் மசியவில்லை. காரணம் இருந்தது. ஒரே வீட்டில் இருப்பவளிடம் டீச்சர் எதைக் கேட்பாள்? காலையில் என்ன சாப்பிட்டாள், எந்தப் பேருந்தில் வந்தாள், எதற்கு அழுதாள் எல்லாம் அண்ணிக்குத் தெரியும். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் சின்னவள் ஒரு வாக்கியம் தொடங்குவாள், மீதி அண்ணிக்குத் தெரியுமே என்பது போல நிறுத்திக்கொள்வாள். தேர்வு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து மறுபடி விசாரித்திருந்தார்கள்.  எல்லோரும் தேறி, சொந்த நாத்தனார் மட்டும் கோட்டை விட்டால் வீட்டில் எந்த முகத்தோடு சாப்பிட உட்காருவது?

ஒருநாள் பொறுமை இழந்து கேட்டேவிட்டாள். "எனக்குத் தெரியாத ஒன்று சொல். எதுவாக இருந்தாலும் சரி."

சின்னவள் மடியிலிருந்த பையைப் பார்த்தாள். காற்றடிக்கும் இயந்திரம் ஓடி நின்றது.

"என் பச்சைக் கைப்பை" என்றாள் கடைசியில், அந்த மொழியில். "நீங்கள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை."

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு புருவமும் நெற்றியின் உச்சிக்கே போயிருக்க வேண்டும். யாருக்கும் தெரியவில்லை.

"ஏன் சொல்லவில்லை?" என்று டீச்சர் கேட்டாள். அது உண்மையான கேள்விதான்.

"சொல்ல ஆரம்பித்தேன். நீங்கள் முடித்துவிட்டீர்கள்." சின்னவள் மடியில் இருந்த அந்தப் பச்சைப் பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள். ஒவ்வொரு சொல்லாக, தேடித் தேடி. "கடையில் நான், இந்தப் பை... என்றேன். நீங்கள், அழகாக இருக்கிறது இல்லையா என்றீர்கள். வீட்டில் அம்மா என்னைக் கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். நீங்கள் நல்லவர். நீங்கள் நன்றாகச் சொல்வீர்கள். அதனால் நான் சொல்வதில்லை. அங்கே போனால் நீங்கள் இருக்க மாட்டீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் போக ஆசையாகவும் இருக்கிறது. நீங்கள் இல்லாத இடத்தில் நான் எப்படிப் பேசுவேன் என்று எனக்குப் பார்க்க வேண்டும்."

 அவள் சொன்னதில் இரண்டு மூன்று தவறு இருந்தது. டீச்சரின் காதில் அவை ஒவ்வொன்றும் தைத்தன. நாக்கு நுனிவரை திருத்தம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை விழுங்கினாள். பிள்ளை பேசிவிட்டது, அதுவும் இவ்வளவு. மனசுக்குள் வலித்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்த வலிக்குள்ளேயே ஒரு கர்வமும் இருந்தது. தன் மாணவி தன்னையே குற்றம் சொல்கிற அளவுக்கு அந்த மொழியில் தேறிவிட்டாள் என்ற கர்வம்.

"நன்றி" என்றாள் அந்த மொழியில். "அடுத்த கேள்வி. எந்த நிறப் பை பிடிக்கும்?"

தேர்வு நாள் வந்தது. தேர்வு நடந்த கட்டிடத்தில் நீளமான நடைகூடம். தேர்வறைக் கதவில் முகம் தெரிகிற அளவுக்கு ஒரு கண்ணாடிச் சதுரம். ஆசிரியர்கள் கதவுக்கு வெளியே எத்தனை தூரத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் சுவரோரமாக நின்றால் கதவுச் சதுரம் வழியாக உள்ளே இருப்பவருக்குத் தெரிவாள். அங்கேயே நின்றுவிட்டாள். நகரச் சொன்னால் நகர்ந்திருப்பாளா என்பதும் சந்தேகம்தான்.

"டீச்சர், நிக்கிறதுன்னா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நில்லுங்க" என்றான் வெல்டர். "பழக்கதோஷத்துல திரும்பிப் பாத்துத் தொலைச்சிரப் போறோம்."

"நீ எனக்குச் சட்டம் போடறியா?"

"ஆமா டீச்சர்."

போட்டுக்கொண்டாள்.

ஒவ்வொருவராக உள்ளே போய் வந்தார்கள். பேச்சு முடிந்த உடனேயே மதிப்பெண் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வெல்டர் குதித்துக்கொண்டு வந்தான். சமையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கடைசியாகச் சின்னவள் போனாள். எதிரே அதே ஜடத் தேர்வாளர் அம்மாள்.

போனவள் வரவில்லை. மற்றவர்களுக்கு ஆன நேரம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கதவுச் சதுரத்தில் சின்னவளின் பின்னந்தலை மட்டும் தெரிந்தது. பேசுகிறாளா, விழிக்கிறாளா? ஒன்றும் புரியவில்லை. உள்ளே போய் அவள் வாக்கியத்தைத் தானே முடித்துவைக்கலாம் போலக் கைகால் பரபரத்தது. 

கதவு திறந்தது. சின்னவள் வெளியே வந்தாள். முகத்தில் எதுவுமே இல்லை, சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. டீச்சர் தன்னையறியாமல் அவளுடைய புருவத்தைத்தான் முதலில் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"என்னடி ஆச்சு? ஏன் இவ்வளவு நேரம்? உள்ள என்ன, பேசினியா இல்லையா?"

"அந்த மொழியில கேளுங்க டீச்சர்."

டீச்சர் கேட்டாள். படபடப்பில் வாக்கியம் தலைகீழாக வந்து விழுந்தது. சின்னவளின் இடது புருவம் மெல்ல மேலே ஏறியது. வார்த்தை தப்பு, வேறு போடு.

வெல்டர் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சின்னவளுக்கும் அதற்கு மேல் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மதிப்பெண் சீட்டை நீட்டினாள். டீச்சர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தாள். தேறியிருந்தாள். வெல்டரை விடவும் கூடுதல்.

"அந்த அம்மா கையில வெச்சிருந்த கார்டுல இருந்த கேள்வியெல்லாம் சீக்கிரமே முடிஞ்சிருச்சு அண்ணி" என்றாள். சட்டம் மறந்து போயிருந்தது. "அப்புறம் அந்த அம்மா வெளியே பாத்துட்டு, கார்டுல இல்லாததைக் கேட்டாங்க. கட்டிடத்துக்குள்ள கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு யாரது குறுக்கும் நெடுக்குமா நடக்கிறதுன்னு."

"ஐயோ! என்ன சொன்ன?"

"எங்க அண்ணி, எங்க டீச்சர்னு சொன்னேன். நான் பேசணும்னு அவங்க முகத்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னேன். ஏன்னு கேட்டாங்க. முழுக்கச் சொன்னேன். புருவம், பேனா, பச்சைப் பை, எல்லாம். அந்த அம்மா சிரிச்சிட்டாங்க அண்ணி. அவங்களுக்குச் சிரிக்கத் தெரியும்."

  டீச்சர் கையிலிருந்த போனில் வீட்டு எண்ணை அழுத்தினாள். அந்தப் பக்கம் மாமியார் எடுத்ததும், பழக்கத்தில் "அத்தை" என்று வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். போனைச் சின்னவளிடம் நீட்டினாள்.

"அம்மா, நான்தான்."

போனிலிருந்து மாமியாரின் குரல் கூடம் வரைக்கும் கேட்டது. "நீயா? என்னடி ஆச்சு? போனை அண்ணிகிட்ட குடு, அவ சொல்லட்டும்."

"இல்லம்மா" என்றாள் சின்னவள். "நானே சொல்றேன்."

அவள் ஜன்னலோரமாகப் போய்ச் சொல்ல ஆரம்பித்தாள், முதலிலிருந்து, நிறுத்தாமல். நெற்றிக்கு ஏற்றியிருந்த கறுப்புக் கண்ணாடியை டீச்சர் அவசரமாக மறுபடி இறக்கிவிட்டுக்கொண்டாள். கண் நிறைந்திருந்ததை வெல்டர் பார்த்தால் வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவான்.